ஸ்பீடு கன்ட்ரோலரை ஆன்-ஆஃப் வேலைக்கு வைத்தால் வரும் கோளாறுகள்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

மாணவர் ரோபோக்களில் பந்தை உள்ளே இழுக்கும் உருளை, தண்ணீர் பம்பு, வெற்றிடப் பம்பு, கன்வேயர் பெல்ட் போன்றவற்றுக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தேவை கிடையாது. ஓட வேண்டும், நிற்க வேண்டும். கையில் உபரியாக ஒரு ஸ்பீடு கன்ட்ரோலர் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுக் கருவி) இருந்தால் மாணவர் அணிகள் அதையே சுவிட்சாக மாட்டிவிடுகின்றன. அதில் தவறு எதுவும் இல்லை. அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டியில் இந்த வேலைக்கென்றே ஸ்பைக் என்ற ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இருந்தபோதும், அதன் 20 ஆம்பியர் பியூஸ் தாங்காத மோட்டாருக்கு ஸ்பீடு கன்ட்ரோலரைப் போட வேண்டியிருந்தது.

கோளாறு வருவது, அதை நிஜச் சுவிட்சாகவே கருதி இணைக்கும்போதுதான். சுவிட்சுக்கு ஆஃப் என்றால் இணைப்பு விட்டுப்போவது. ஸ்பீடு கன்ட்ரோலருக்கோ ஆஃப் என்பதும் இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு கட்டளை. கீழே வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கிருந்தே கிளம்புகின்றன.

இந்த வழிமுறை பிரஷ் வகை டிசி மோட்டாருக்கும், 7 முதல் 14 வோல்ட் வரையிலான பேட்டரிக்கும், ரிமோட் கார்களில் வருவது போன்ற மூன்று ஒயர் சிக்னல் கன்ட்ரோலருக்கும் உரியது.

## தொடங்கும் முன்

ரோபோவைப் பெட்டியின் மேல் ஏற்றி, சக்கரமோ உருளையோ எதையும் தொடாதபடி வையுங்கள். முடிந்தால் மோட்டாரிலிருந்து கியரைக் கழற்றிவிடுங்கள். பேட்டரிக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவே பியூஸ் இல்லையென்றால் முதலில் அதைப் போடுங்கள். பியூஸ் இல்லாத ரோபோவில் கோளாறு தேட உட்காருவதை நான் அனுமதிப்பதில்லை; ஒரு ஒயர் நழுவினால் போதும், லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி அந்த ஒயரைச் சிவக்கவைத்துவிடும்.

அடுத்து, உங்கள் கன்ட்ரோலர் எந்த வகை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். இரு திசை வகையில் 1500 மைக்ரோ விநாடி பல்ஸ் (மின் துடிப்பு) என்றால் நிறுத்தம், 2000 என்றால் முன்னோக்கி முழு வேகம், 1000 என்றால் பின்னோக்கி முழு வேகம். ஒரு திசை வகையில் 1000 நிறுத்தம், 2000 முழு வேகம். இந்தப் பல்ஸ் 20 மில்லி விநாடிக்கு ஒருமுறை, மோட்டார் ஓடினாலும் நின்றாலும், போய்க்கொண்டே இருக்க வேண்டும். எந்த வகை என்று தெரிந்ததும் கன்ட்ரோலரின் முதுகிலேயே மார்க்கரால் எழுதிவையுங்கள். அணியில் அடுத்து வருபவருக்கும் அது உதவும்.

ஆஸிலோஸ்கோப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரே இந்தச் சிக்னலைப் படித்துச் சொல்லும். டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கிரவுண்டிலும் சிவப்பு முனையைச் சிக்னல் ஒயரிலும் தொடுங்கள். சிக்னல் அனுப்பும் போர்டு ஆர்டுயினோ ஊனோ (நிரல் ஏற்றி இயக்கும் சிறு மின்னணுப் பலகை) போன்ற 5 வோல்ட் போர்டாக இருந்தால், 1000க்கு ஏறக்குறைய 0.25 வோல்ட், 1500க்கு 0.37 அல்லது 0.38, 2000க்கு 0.50 காட்டும். ராஸ்பெர்ரி பை போன்ற 3.3 வோல்ட் போர்டில் அதே மூன்றும் 0.16, 0.25, 0.33 என்று வரும். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கருவிப் பெட்டியின் மூடியில் ஒட்டிவிடுங்கள். கீழே அடிக்கடி தேவைப்படும்.

## அறிகுறி 1: மோட்டார் அசையவே இல்லை

பேட்டரியைச் செருகியதும் கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்று முதலில் கவனியுங்கள். அதைப் பொறுத்து வழி மூன்றாகப் பிரிகிறது.

### விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை

கன்ட்ரோலரில் தொங்கும் குட்டிச் சுவிட்சைப் பாருங்கள். அது ஆஃபில் இருப்பதுதான் மிக எளிய காரணம். (அந்தச் சுவிட்ச் உள்ளே இருக்கும் மூளைப் பகுதிக்கும் 5 வோல்ட் சப்ளைக்கும் மட்டுமே உரியது. அதை அணைத்தாலும் தடித்த ஒயர்களில் பேட்டரி மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். வேலை செய்யும்போது அதை நம்பிக் கைவைக்கக் கூடாது.) பிறகு பியூஸ். பிறகு, கன்ட்ரோலரின் பேட்டரி ஒயர்கள் பலகையில் சேரும் இடத்திலேயே மல்டிமீட்டரை வைத்து வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பேட்டரி முனையில் 12 வோல்ட் இருந்து அங்கே இல்லையென்றால், நடுவே உள்ள கனெக்டரின் சால்டர் விட்டிருக்கிறது.

வோல்ட் சரியாக வந்தும் விளக்கு எரியவில்லையென்றால், பேட்டரியை எப்போதாவது தலைகீழாகச் செருகினார்களா என்று அணியினரைக் கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள், அப்போதுதான் உண்மை வெளிவரும். தலைகீழ் இணைப்பு பெரும்பாலான கன்ட்ரோலர்களை ஒரு நொடியில் முடித்துவிடும். அதைப் பழுதுபார்க்கச் செலவழிப்பதைவிடப் புதிது வாங்குவது மேல்.

### விளக்கு மினுக்குகிறது, அல்லது பீப் விடாமல் ஒலிக்கிறது

கன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறது; ஏற்கத்தக்க சிக்னலுக்காகக் காத்திருக்கிறது. சிக்னல் ஒயரில் மல்டிமீட்டரை வையுங்கள்.

பூஜ்யம் காட்டினால், ஒயர் தவறான பின்னில் இருக்கிறது அல்லது அறுந்திருக்கிறது. கனெக்டரைத் தலைகீழாகச் செருகியிருந்தாலும் இப்படித்தான் வரும்.

5 வோல்ட் முழுதாகக் காட்டினால், நிரலில் டிஜிட்டல்ரைட் கொடுத்துப் பின்னை உயர்த்தி வைத்திருக்கிறார்கள். ஆன்-ஆஃப் தானே என்று புதியவர்கள் செய்வது இதுதான். கன்ட்ரோலர் பார்ப்பது பல்ஸின் அகலத்தை. நிலையான 5 வோல்ட்டில் பல்ஸே இல்லை. இந்தப் பல்ஸை உருவாக்கித் தரும் ஆயத்த நிரல் தொகுப்பான, ஆர்டுயினோவின் சர்வோ லைப்ரரிக்கு மாறுங்கள்.

ஒரு வோல்ட்டுக்கும் நான்கு வோல்ட்டுக்கும் நடுவே எதையாவது காட்டினால் அனலாக்ரைட் போட்டிருக்கிறார்கள். ஊனோ போர்டில் அது பெரும்பாலான பின்களில் விநாடிக்கு 490 தடவை துடிக்கும். கன்ட்ரோலர் எதிர்பார்ப்பது 50. இதற்கும் தீர்வு சர்வோ லைப்ரரிதான். அந்த லைப்ரரியைச் சேர்த்ததும் ஊனோவில் 9, 10 பின்களில் அனலாக்ரைட் வேலை செய்யாமல் போகும். வேறு எதற்காவது அவற்றைப் பயன்படுத்தியிருந்தால் பின்னை மாற்றிக்கொள்ளுங்கள்.

0.5 வோல்ட் காட்டினால், நிரல் தொடங்கும்போதே முழு வேகம் கேட்கிறது. பாதுகாப்புக்காகவே கன்ட்ரோலர் இதை ஏற்பதில்லை. முதலில் நிறுத்தப் பல்ஸைப் பார்த்த பிறகுதான் ஆயத்தமாகும். நிரலின் தொடக்கத்தில் நிறுத்தப் பல்ஸை மூன்று விநாடி அனுப்பிவிட்டு, பிறகு ஆன் கொடுங்கள். சில கன்ட்ரோலர்கள், முழு வேகத்தோடு தொடங்கினால் எல்லை பதிவுசெய்யும் நிலைக்குள் (எந்தப் பல்ஸ் நிறுத்தம், எது முழு வேகம் என்று நினைவில் வைத்துக்கொள்ளும் நிலை) போய்விடும். தெரியாமல் அப்படிப் போயிருந்தால் பழைய எல்லைகள் அழிந்திருக்கலாம். கையேட்டைப் பார்த்து மறுபடி பதிவுசெய்யுங்கள்.

### ஆயத்த பீப் வந்துவிட்டது, ஆனால் ஆன் கொடுத்தும் ஓடவில்லை

ஆர்டுயினோவும் கன்ட்ரோலரும் வெவ்வேறு பேட்டரியில் ஓடினால் கிரவுண்டை இணைத்திருக்கிறீர்களா? இரண்டின் கறுப்பு ஒயரும் ஓரிடத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் சிக்னல் வரும், போகும், நம்ப முடியாது.

அடுத்தது, சர்வோ லைப்ரரியில் பல்ஸைக் கோணமாகச் சொல்லும் ரைட் கட்டளை. ரைட் 180 என்று எழுதினால் சர்வோ லைப்ரரி இயல்பாக 2400 மைக்ரோ விநாடி அனுப்பும். பல கன்ட்ரோலர்கள் அதைப் பிழையான சிக்னல் என்று தள்ளிவிடும். கோணக் கணக்கை விட்டுவிட்டு, ரைட்மைக்ரோசெகண்ட்ஸ் மூலம் 2000 என்று நேராக எழுதுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் மோட்டாரைக் கழற்றி நேராகப் பேட்டரியில் தொட்டுப் பாருங்கள். ஓடாவிட்டால் கோளாறு மோட்டாரில்.

மோட்டார் ஓடாமல் துடித்துக்கொண்டு மட்டும் இருந்தால் கன்ட்ரோலரின் வெளியீட்டு ஒயர்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது பிரஷ்லெஸ் வகை, ட்ரோன் மோட்டாருக்கானது. மூன்றில் இரண்டைப் பிடித்து டிசி மோட்டாரில் இணைத்து ஓட்ட முடியாது. எந்த அமைப்பை மாற்றினாலும் முடியாது. பிரஷ் வகை கன்ட்ரோலர் வாங்குவதைத் தவிர வழியில்லை.

## அறிகுறி 2: ஆஃப் கொடுத்த பிறகும் மோட்டார் ஊர்கிறது, அல்லது முனகுகிறது

அடிக்கடி வருவதும், அதிகக் குழப்பம் தருவதும் இதுதான். உருளை முழுதாக நிற்பதில்லை. நிமிடத்துக்குச் சில சுற்று மெல்ல உருளும். அல்லது உருளாமல் மெல்லிய கீச்சொலி மட்டும் வரும். கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று புதிது வாங்கி மாட்டினாலும் அதே கதைதான்.

இரு திசை கன்ட்ரோலரில் நிறுத்தத்துக்கு ரைட் 90 என்று எழுதியிருக்கிறீர்களா? அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 0க்கும் 180க்கும் நடுவே 90 இருப்பதால் அது 1500 ஆகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் சர்வோ லைப்ரரியின் இயல்பான எல்லை 544 முதல் 2400 வரை. அவற்றின் நடு 1472. கன்ட்ரோலரின் நடுப்பகுதியில் செயலற்ற இடைவெளி போதுமான அளவு அகலமாக இருந்தால் இந்த 28 மைக்ரோ விநாடி வித்தியாசம் தெரியாது. குறுகலாக இருந்தால், பின்னோக்கி மெல்ல ஓடு என்று அது எடுத்துக்கொள்ளும். ஒரே நிரல் ஒரு கன்ட்ரோலரில் சரியாக நிற்பதும் இன்னொன்றில் ஊர்வதும் இதனால்தான்.

தீர்வு இரண்டு. ரைட்மைக்ரோசெகண்ட்ஸ் 1500 என்று எழுதலாம். நான் எப்போதும் பரிந்துரைப்பது இதைத்தான். அல்லது, பின்னைச் சர்வோ லைப்ரரியோடு இணைக்கும் அட்டாச் கட்டளையில் பின் எண்ணோடு 1000, 2000 என்ற எல்லைகளையும் கொடுத்தால், 90 சரியாக 1500 ஆகிவிடும்.

அப்படியும் ஊர்ந்தால் 1480 முதல் 1520 வரை ஐந்து ஐந்தாகக் கூட்டி, எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை மோட்டார் அசைவற்று இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியின் நடு எண்தான் உங்கள் கன்ட்ரோலரின் உண்மையான நிறுத்தம். எல்லைகளை மறுபடி பதிவுசெய்தாலும் இது சரியாகும். ஆனால் பதிவு அழிந்துபோகக் கூடியது, நிரலில் இருக்கும் எண் அழியாது.

ஒரு திசை கன்ட்ரோலர் ஊர்ந்தால் 1000க்குப் பதில் 950 கொடுத்துப் பாருங்கள். நின்றுவிட்டால் எல்லைப் பதிவு சற்றே நகர்ந்திருக்கிறது என்று பொருள்.

ராஸ்பெர்ரி பையிலிருந்து சிக்னல் வருகிறதா? மோட்டார் ஊராமல் அவ்வப்போது துள்ளினால், மென்பொருள் மூலம் உருவாக்கும் பல்ஸின் அகலம் நிலையாக இல்லை. வேறு வேலைகள் குறுக்கிடும்போது பல்ஸ் நீண்டுவிடும். வன்பொருள் நேரக்கணக்கில் ஓடும் பிக்பியோ லைப்ரரிக்கு மாறுங்கள், அல்லது பல்ஸ் வேலையை ஒரு சிறிய ஆர்டுயினோவிடம் விட்டுவிடுங்கள்.

இவை எதிலும் அடங்காமல், சிக்னல் ஒயரை முழுக்கக் கழற்றிய பிறகும் மோட்டார் அசைந்தால் நேராக அறிகுறி 4க்குப் போங்கள்.

## அறிகுறி 3: நிற்கிறது, ஆனால் நிற்கும் விதம் சரியில்லை

ஆஃப் கொடுத்த பின்னும் உருளை சுழன்று சுழன்று மெல்ல நின்றால் பிரேக் அமைப்பு அணைந்திருக்கிறது. சட்டென்று நின்று கியர் பல் உடைகிறதென்றால் அது ஆனில் இருக்கிறது. ஜம்பரிலோ, பொத்தானிலோ, நிரலட்டையிலோ மாற்றிக்கொள்ளலாம். கனமான ஃபிளைவீல் (வேகத்தைச் சேமித்துச் சுழலும் சக்கரம்) போன்றவற்றுக்குப் பிரேக் வேண்டாம். தூக்கும் கைக்குப் பிரேக் கட்டாயம் வேண்டும். ஆனால் மின் பிரேக் மட்டும் தூக்கிய கையைப் பிடித்து வைத்திருக்காது, மெல்ல இறங்கும். அதற்கு வார்ம் கியர் போன்ற இயந்திரப் பிடிப்பு தேவை.

## அறிகுறி 4: பேட்டரியைச் செருகியதுமே முழு வேகத்தில் ஓடுகிறது

பேட்டரியை உடனே பிடுங்குங்கள். கியரைக் கழற்றாமல் மறுபடி செருக வேண்டாம்.

கியரைக் கழற்றிய பின், சிக்னல் ஒயரையும் கன்ட்ரோலரிலிருந்து பிரித்துவிட்டு, பியூஸ் வழியாக ஒருமுறை பேட்டரியைத் தொடுங்கள். இப்போது மோட்டார் ஓடவில்லையென்றால் கன்ட்ரோலர் நலம்; கோளாறு சிக்னலில் இருக்கிறது. ஒரு திசை கன்ட்ரோலருக்கு இரு திசை நிரலைப் போட்டிருக்கலாம். அப்போது 1500 என்பது பாதி வேகம். ரிமோட் ரிசீவரில் அந்தச் சேனல் தலைகீழாகத் திருப்பப்பட்டிருக்கலாம். எல்லை பதிவுசெய்தபோது மேலும் கீழும் மாறிப்போயிருக்கலாம்.

ஆர்டுயினோவில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. அட்டாச் கட்டளை ஓடிய கணத்திலிருந்து சர்வோ லைப்ரரி 1500ஐ அனுப்பத் தொடங்கிவிடும். ஒரு திசை கன்ட்ரோலர் ஏற்கெனவே ஆயத்தமாக இருக்கும் நேரத்தில் ஆர்டுயினோ மட்டும் ரீசெட் ஆனால், மோட்டார் கணநேரம் பாதி வேகத்தில் பாயக்கூடும். அட்டாச் வரிக்கு முன்பே ரைட்மைக்ரோசெகண்ட்ஸ் 1000 என்ற வரியைப் போட்டுவிட்டால் முதல் பல்ஸே நிறுத்தமாகப் போகும். கத்தி, விசிறி, உருளை என்று எது சுழன்றாலும் இந்த ஒரு வரியைத் தவறவிடாதீர்கள்.

சிக்னல் ஒயரைப் பிரித்தும் ஓடுகிறதென்றால் உள்ளே மாஸ்ஃபெட் (மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்) ஷார்ட் ஆகியிருக்கிறது. உறுதிசெய்ய, பேட்டரியையும் மோட்டாரையும் கழற்றி, கெப்பாசிட்டர் வடிய ஒரு நிமிடம் விட்டு, மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வையுங்கள். இரு திசை வகையில், பேட்டரியின் சிவப்பு, கறுப்பு ஒயர்களில் எதற்கும் மோட்டார் ஒயர்களில் எதற்கும் நடுவே பீப் வரக் கூடாது. ஒரு திசை வகையில் ஒரு மோட்டார் ஒயர் பேட்டரியின் சிவப்போடு நேராக இணைந்திருப்பது வழக்கம். அந்தப் பீப்பைக் கண்டு பயப்பட வேண்டாம். அங்கே பார்க்க வேண்டியது கறுப்புக்கும் மற்ற மோட்டார் ஒயருக்கும் நடுவே.

ஷார்ட் உறுதியானால் வீட்டுச் சால்டரிங் இரும்போடு உட்கார வேண்டாம். விலை குறைந்ததென்றால் மாற்றிவிடுங்கள். விலை உயர்ந்ததென்றால் ஹாட் ஏர் ஸ்டேஷன் வைத்திருக்கும் மின்னணுப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். எது எரிந்தது என்பதோடு, ஏன் எரிந்தது என்பதையும் அவரிடம் கேளுங்கள். மோட்டார் இறுகிக் கிடந்திருந்தால் புதிய கன்ட்ரோலரும் அதே வழியில்தான் போகும்.

## அறிகுறி 5: ஆன் கொடுத்ததும் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது

மோட்டார் துள்ளும், போர்டின் விளக்கு அணைந்து எரியும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கன்ட்ரோலரின் மூன்று ஒயர் சிக்னல் கேபிளில் உள்ள சிவப்பு ஒயரிலிருந்து வரும் 5 வோல்ட்டில்தான் ஆர்டுயினோவும் சர்வோக்களும் ஓடுகின்றனவா? சிறிய கன்ட்ரோலர்களின் உள் சப்ளை ஓரிரண்டு ஆம்பியருக்கு மேல் தராது. அது லீனியர் வகையாக (உபரி வோல்ட்டை வெப்பமாக்கிக் குறைப்பது) இருந்து பேட்டரி 12 வோல்ட்டாக இருந்தால், ஓர் ஆம்பியர் எடுக்கும்போதே 7 வாட் வெப்பமாகிறது. சூடேறினால் அது தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். சோதனை எளிது. சிவப்பு ஒயரை மட்டும் பின்னிலிருந்து உருவி, டேப் சுற்றிவிட்டு, ஆர்டுயினோவை யுஎஸ்பி பவர் பேங்கில் ஓட்டிப் பாருங்கள். ரீசெட் நின்றுவிட்டால் காரணம் அதுதான். தனியாக ஒரு 5 வோல்ட் பக் கன்வர்ட்டர் (வோல்ட்டைக் குறைத்துத் தரும் பலகை) வாங்கிப் பேட்டரியிலிருந்து நேராகக் கொடுங்கள்.

ரோபோவில் இரண்டு, மூன்று கன்ட்ரோலர்கள் இருந்து எல்லாவற்றின் சிவப்பு ஒயரும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தால் அவை ஒன்றோடொன்று மோதும். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் சிவப்பு ஒயரை உருவிவிடுங்கள்.

தனி சப்ளை கொடுத்தும் ரீசெட் தொடர்ந்தால், மோட்டார் கிளம்பும் கணத்தில் பேட்டரி முனையில் வோல்ட் எவ்வளவு சரிகிறது என்று பாருங்கள். மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் பெரியது. ஃபர்ஸ்ட் ரோபோக்களில் ஓடிய சிம் மோட்டார் 12 வோல்ட்டில் சுமையின்றிச் சுழலும்போது 2.7 ஆம்பியர்தான் எடுக்கும். தண்டு நின்றுவிட்டால் சுமார் 130 ஆம்பியர். பழைய பேட்டரி அதற்கு ஈடுகொடுக்காது.

ஆன்-ஆஃப் வேலைக்குக் கன்ட்ரோலரை வைத்திருப்பதன் பெரிய ஆதாயமே இந்த இடத்தில்தான் கிடைக்கிறது. 1500லிருந்து 2000க்கு ஒரே தாவலாகத் தாவாமல், கால் விநாடியில் படிப்படியாக ஏற்றுங்கள். பார்ப்பவருக்கு அது ஆன்-ஆஃப் போலவே இருக்கும். பேட்டரிக்கும் கியருக்கும் அடி விழாது. ரிலேயால் இதைச் செய்ய முடியாது.

கடைசியாக, மோட்டார் பிரஷ்ஷின் தீப்பொறி இரைச்சல். 104 என்று அச்சிட்ட செராமிக் கெப்பாசிட்டர் மூன்று வாங்கி, ஒன்றை மோட்டாரின் இரு முனைகளுக்கு நடுவிலும், மற்ற இரண்டை ஒவ்வொரு முனையிலிருந்து மோட்டாரின் உலோக உறைக்கும் சால்டர் செய்யுங்கள். சிக்னல் ஒயரை மோட்டார் ஒயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள்.

## அறிகுறி 6: ஓடிக்கொண்டே இருந்தது, திடீரென நின்றுவிடுகிறது

சில விநாடி கழித்துத் தானாகத் திரும்ப ஓடுகிறதா, பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் ஓடுகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோலரைத் தொட முடியாத அளவு சூடாக இருந்து, ஆறியதும் தானாக ஓடினால் வெப்பப் பாதுகாப்பு வேலை செய்கிறது. அறிகுறி 8ஐப் பாருங்கள்.

சூடில்லை, பேட்டரி நிறைந்திருக்கிறது, ஆனாலும் நிற்கிறது என்றால் குறைந்த வோல்ட் துண்டிப்பைச் சந்தேகியுங்கள். லிப்போ செல் ஒன்றுக்கு 3.0 முதல் 3.3 வோல்ட் வரை இறங்கினால் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்திவிடும். செல் எத்தனை என்று பேட்டரியின் வோல்ட்டை வைத்து அதுவாகவே ஊகிக்கும் வகைகளில், 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியைப் போட்டால் வேடிக்கையான கோளாறு ஒன்று வருகிறது. புதிதாகச் சார்ஜ் செய்த பேட்டரி 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மூன்று செல் லிப்போ 12.6க்கு மேல் போகாது என்பதால், இது நான்கு செல் என்று கன்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும். மோட்டார் இழுத்து வோல்ட் 12ஐ நெருங்கியதும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று துண்டித்துவிடும். சார்ஜ் செய்த உடனே ஓடாத ரோபோ, அரைமணி நேரம் சும்மா வைத்தால் ஓடுவது இதனால். லிப்போ அல்லாத பேட்டரி என்று அமைப்பை மாற்றுங்கள். ஹாபிவிங் குவிக்ரன் 1060 போன்றவற்றில் இதற்கு ஒரு ஜம்பரே இருக்கிறது. அமைப்பை மாற்றிவிட்டால் அதன் பிறகு லிப்போவைப் போடக் கூடாது. தீரும்வரை உறிஞ்சிக் கெடுத்துவிடும்.

ரிமோட்டில் ஓட்டும்போது மட்டும் நின்றால் ரிசீவர் தொடர்பை இழக்கிறது. அப்போது மோட்டார் நிற்பதுதான் சரியான நடத்தை. அந்தப் பாதுகாப்பை எடுத்துவிட்டு, கடைசிக் கட்டளையையே பிடித்துக்கொள் என்று ரிசீவரை அமைக்காதீர்கள். ஆன்டெனாவை உலோகச் சட்டத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

## அறிகுறி 7: முன்னோக்கி ஓடுகிறது, பின்னோக்கி வரவில்லை

உருளையில் பந்து சிக்கினால் வெளியே தள்ளுவதற்குப் பின்னோட்டம் வேண்டும். கார் வகை கன்ட்ரோலர்களில், ஓடும்போது வரும் முதல் பின் கட்டளை பிரேக்காகவே எடுத்துக்கொள்ளப்படும். நடுவுக்கு வந்து மறுபடி பின் கொடுத்தால்தான் திரும்பும். அமைப்பில் நேரடிப் பின்னோட்ட முறை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். பாறை ஏறும் கார்களுக்கென்று அது தனியாக இருக்கும். இல்லையென்றால் நிரலிலேயே 1500, 1000, 1500, 1000 என்று சிறு இடைவெளிகளோடு அனுப்புங்கள்.

எந்த முறையானாலும் முன்னிலிருந்து பின்னுக்கு நேராகத் தாவ வேண்டாம். சுழலும் மோட்டாரைத் திருப்பிப் போடும் கணத்தில், தண்டு நின்ற நிலையில் இழுக்கும் மின்னோட்டத்தின் ஏறக்குறைய இரண்டு மடங்கு பாயக்கூடும். நடுவே மோட்டார் நிற்கும்வரை 1500ல் வையுங்கள். சிறிய உருளைக்கு அரை விநாடி போதும்.

## அறிகுறி 8: சூடு

எது சூடாகிறது? கனெக்டர் மட்டும் சூடானால் சால்டர் சரியில்லை அல்லது பிடி தளர்ந்திருக்கிறது. மோட்டார் ஓடும்போது கனெக்டரின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, அதே ஒயரில் வோல்ட் அளந்து பாருங்கள். 0.1 வோல்ட்டைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள்.

மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து சூடானால் இயந்திரத்தில் இறுக்கம் இருக்கிறது. பெல்ட்டைக் கழற்றி உருளையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கன்ட்ரோலர் மட்டும் சூடானால் அது மோட்டாருக்குச் சிறியது. உள்ளங்கை அளவு கன்ட்ரோலரின் மேல் 320 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால் அதை நம்பாமல், அதன் பேட்டரி ஒயர் எவ்வளவு தடிமன் என்று பாருங்கள். கன்ட்ரோலருக்கு முழு ஆன் நிலைதான் இலகுவானது. ஆன்-ஆஃப் வேலையிலேயே சூடாகிறதென்றால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவது மருந்தாகாது.

## அறிகுறி 9: மோட்டார் அல்லாத ஒன்றை இணைத்ததும் கோளாறு

சோலினாய்டு வால்வை (மின்காந்தத்தால் திறந்து மூடும் வால்வு) பிரஷ் வகை கன்ட்ரோலரில் இணைக்கலாம். முழு ஆனிலோ முழு நிறுத்தத்திலோ மட்டும் வையுங்கள். நடு வேகத்தில் அது ரீங்காரமிட்டுச் சூடாகும். வால்வு மூட நேரமாகிறதென்றால் கன்ட்ரோலரின் பிரேக் அமைப்பை அணையுங்கள். பக் கன்வர்ட்டர், எல்இடி டிரைவர் போன்று உள்ளே பெரிய கெப்பாசிட்டர் உள்ள எதையும் கன்ட்ரோலரின் வெளியீட்டில் இணைக்கக் கூடாது. கெப்பாசிட்டர் நிரம்பும் ஒவ்வொரு முறையும் மாஸ்ஃபெட்டில் மின்னோட்டம் குதிக்கும். ஒருநாள் ஷார்ட் ஆகும்.

இத்தகைய சுமைகளுக்கும், ஒரே திசையில் எப்போதாவது மட்டும் ஓடும் பம்புக்கும் கன்ட்ரோலரைக் கழற்றிவிட்டுக் கார் ரிலே போடுவதையே நான் விரும்புவேன். 30ல் பேட்டரி, 87ல் பம்பு, 85லும் 86லும் காயில். காயில் சுமார் 150 மில்லி ஆம்பியர் எடுக்கும் என்பதால் ஆர்டுயினோ பின்னிலிருந்து நேராகக் கொடுக்காமல் ஒரு டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுங்கள். காயிலின் குறுக்கே 1என்4007 டையோடு, கோடு போட்ட முனை நேர்மின் பக்கம் இருக்கும்படி. ரிலேக்குப் பதில் மாஸ்ஃபெட் என்றால் 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்கும் ஐஆர்எல்இசட்44என் வாங்குங்கள். பெயரில் ஓர் எழுத்து மட்டும் மாறும் ஐஆர்எஃப்இசட்44என்னுக்கு 10 வோல்ட் தேவை. அரைகுறையாகத் திறந்து கொதிக்கும். கடையில் கேட்காமலேயே அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், அச்சிட்டதைப் படித்து வாங்குங்கள்.

## எங்கே கையை எடுக்க வேண்டும்

பியூஸ் மாற்றியதும் மறுபடி உடனே போகிறதென்றால் பெரிய பியூஸ் போட்டுப் பார்க்க வேண்டாம்; ஆய்வகத் தொழில்நுட்பரை அழையுங்கள். 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சைக்கிள் பேட்டரிகளில் இந்தச் சோதனைகளைத் தனியாகச் செய்ய வேண்டாம். கன்ட்ரோலரிலிருந்து புகை வந்திருந்தால், பிறகு அது சரியாக ஓடினாலும் ரோபோவில் திரும்ப வைக்காதீர்கள்.

லிப்போ உப்பியிருந்தால் சோதனை அத்தோடு நிற்க வேண்டும். அதை அழுத்தவோ, குத்தவோ, ஒருமுறை மட்டும் என்று சார்ஜ் செய்யவோ கூடாது. கனெக்டரைக் கழற்றி, முனைகளில் தனித்தனியாக டேப் சுற்றி, மணல் நிரப்பிய உலோக டப்பாவில் கட்டடத்துக்கு வெளியே வைத்துவிட்டு, விற்ற கடைக்கோ மின்னணுக் கழிவு வாங்குமிடத்துக்கோ தகவல் சொல்லுங்கள். மாணவர்களின் பையில் வைத்துப் பஸ்ஸில் கொடுத்தனுப்பாதீர்கள்.